தாடைக்குக் கம்பி கட்டிய நாள்

அத்தியாயம் 12

ஆறு வாரத்துக்கு வாயைத் திறக்க முடியாது என்று தெரிந்துவிட்டால், அதற்கு முந்தைய இரண்டு மணி நேரத்தில் ஒரு மனுஷி என்னென்ன பேசுவாள்?

அக்னஸ் பால்காரரைப் பற்றிப் பேசினாள்.

"அரை லிட்டர் கூட ஊத்தச் சொல்லியிருக்கேன். மறந்துடாதீங்க. லூர்துவுக்கு வெள்ளிக்கிழமை எண்ணெய் தேய்ச்சுக் குளிப்பாட்டணும். மாரியாயி அக்கா பக்கத்து வீட்டுலேருந்து வந்து நான் பாத்துக்கறேன்னுதான் சொல்வாங்க. ஆனா அவங்க கை கொஞ்சம் முரடு, பிள்ளை அழுவா. நீங்களே தேய்ச்சு விட்டுடுங்க."

"சரி."

"ரேஷன் கார்டு டிரங்குப் பெட்டியில இருக்கு."

"சரி."

"எல்லாத்துக்கும் சரி சரின்னா எப்படி? நீங்களும் ஏதாவது பேசுங்க. இனிமே நீங்க ஒருத்தர்தான் பேசணும்."

நல்லதம்பி சிரித்தான். ஆனால் அவன் மனசு அந்தச் சிரிப்பில் இல்லை என்பது அக்னஸுக்குத் தெரிந்தது. நேற்று சாயங்காலம் ஸ்ரீரங்கத்திலிருந்து ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் வரும்போதே அவன் அப்படித்தான் இருந்தான். காவேரிப் பாலத்தில் பஸ் ஊர்ந்தபோது ஏதோ சொல்ல வாயெடுத்தான். அப்புறம் கண்டக்டர் வந்தார், டிக்கெட் வாங்கினான், அவ்வளவுதான்.

இந்தக் கதையை முதலிலிருந்து படித்து வருகிறவர்களுக்கு இனிச் சொல்வதெல்லாம் தெரியும். நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்காக நாலு வரி.

அக்னஸ் மேலப்புதூரில் ஒரு பெண்கள் பள்ளியில் விஞ்ஞான டீச்சர். இந்த 1983 ஜனவரியில் அவளுக்கு இடது கீழ்த்தாடையில் ஒரு வீக்கம் வந்தது. பல்வலி என்று நினைத்துக் கிராம்பை அடக்கிக்கொண்டு ஒரு மாதம் பாடம் நடத்தினாள். பல் டாக்டர் கலீல் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தபோது, எலும்புக்குள்ளேயே எலுமிச்சம்பழ அளவுக்கு ஒரு நீர்க்கட்டி. கட்டியை எடுத்தார். கூடவே மூன்று பற்களும் போயின. புற்று எதுவும் இல்லை என்று மெட்ராஸிலிருந்து ரிப்போர்ட் வந்ததும் வீடே மூச்சு விட்டது.

ஆனால் கட்டி இருந்த இடம் வெறும் பள்ளமாக நின்றுவிட்டது. "வெளியே சுவர் இருக்கு, உள்ளே ஒண்ணுமில்லை" என்றார் கலீல். "முட்டை ஓடு மாதிரி ஆயிடுச்சு டீச்சர். ஒரு முறுக்கை அழுத்திக் கடிச்சா தாடை உடைஞ்சிடும்."

அந்தப் பள்ளத்தை எலும்பு வைத்து நிரப்புவதற்குத்தான் இன்றைக்கு ஆபரேஷன். தென்னூரில் ஒரு சின்ன நர்சிங் ஹோம், மாடியில் ரோட்டைப் பார்த்த அறை. முழுப் பரீட்சைப் பேப்பர் எல்லாம் திருத்திக் கொடுத்துவிட்டு, கோடை விடுமுறையைக் கணக்குப் பண்ணி அக்னஸ்தான் இந்தத் தேதியைக் கேட்டு வாங்கினாள்.

இன்னொரு விஷயமும் சொல்ல வேண்டும். மருங்காபுரி இன்னாசிமுத்துவின் மகள் அக்னஸ், கல்வி அலுவலகத்தில் கிளார்க்காக இருந்த நல்லதம்பியை ரிஜிஸ்தர் ஆபீஸில் கல்யாணம் செய்துகொண்டது 1974-ல். மாதா கோயிலில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசிக்காத கல்யாணம். அன்றிலிருந்து பிறந்த வீட்டுக் கதவு அவளுக்குத் திறக்கவில்லை. வருஷா வருஷம் கிறிஸ்மஸுக்கு ஒரு கடிதம் எழுதிப் போட்டாள். ஒன்றுக்கும் பதில் வரவில்லை.

ஏழரை மணிக்கு டாக்டர் கலீல் வந்தார். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"மறுபடியும் ஒரு தடவை சொல்லிடறேன். நீங்க வகுப்புல ரெண்டு தடவை சொல்வீங்கல்ல, அது மாதிரி."

"சொல்லுங்க டாக்டர்."

"வலது பக்கம் இடுப்புல கை வைச்சுப் பாருங்க. முன்னால ஒரு மேடு தட்டுப்படுதா? அங்க மூணு விரல் அகலத்துக்குக் கீறி, உள்ளே பஞ்சு மாதிரி இருக்கிற எலும்பை எலும்பு டாக்டர் சுரண்டி எடுத்துத் தருவாரு. நான் அதைத் தாடைப் பள்ளத்துல நிரப்பி, ஈறை இழுத்து மூடித் தையல் போட்டுடுவேன். அப்புறம் மேல் பல்லையும் கீழ்ப் பல்லையும் சேர்த்துக் கம்பி. தாடை அசையாம இருந்தாத்தான் வைச்சது பிடிக்கும்."

"வலி எப்படி இருக்கும்?"

"வாயைவிட இடுப்புதான் வலிக்கும். இதைச் செஞ்சுக்கிட்டவங்க எல்லாருமே அப்படித்தான் சொல்றாங்க. ஒரு வாரம் நொண்டி நொண்டி நடப்பீங்க. முகம் நாளைக்கு இல்லை, நாளன்னிக்குத்தான் நல்லா வீங்கும். கண்ணாடியில பாத்துட்டுப் பயந்துடக் கூடாது. கீழ் உதடு மரத்துக் கிடக்கும். சில பேருக்கு ஒரு மாசத்துல உணர்ச்சி திரும்பும், சில பேருக்கு மூணு நாலு மாசம் ஆகும்."

"சாப்பாடு?"

"எல்லாம் தண்ணியாத்தான். கஞ்சி, பால், பருப்புத் தண்ணி, மோர். உறிஞ்சக் கூடாது, கொப்புளிச்சு வேகமாத் துப்பக் கூடாது. உப்புத் தண்ணியை வாயில விட்டுத் தானா வழிய விடணும்."

அக்னஸ் தலையாட்டிக்கொண்டே வந்தாள். பிறகு அவள் கேட்க நினைத்திருந்த ஒன்றைக் கேட்டாள்.

"பிடிக்கலைன்னா?"

கலீல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"சில சமயம் பிடிக்காமப் போறதும் உண்டு. சீழ் கோத்துக்கிட்டா வைச்சதை எடுத்துடணும். அதனாலதான் சுத்தம் சுத்தம்னு சொல்றேன். அப்படி ஆகாதுன்னு நம்புறேன் டீச்சர். ஆகவே ஆகாதுன்னு சத்தியம் பண்ண மாட்டேன்."

அந்தப் பதில் அவளுக்குப் பிடித்திருந்தது. விஞ்ஞான டீச்சர் அல்லவா.

"எலும்பு கெட்டிப்பட ஆறு மாசமாவது ஆகும்" என்று எழுந்தார் கலீல். "தீபாவளி கழிச்சுப் பல் கட்டலாம். கிறிஸ்மஸுக்கு முறுக்குச் சுட்டா எனக்கும் கொடுத்து விடுங்க."

அவர் போனதும் நல்லதம்பி ஜன்னல் திரையை இழுத்து விட்டான். மறுபடி திறந்தான்.

"அக்னஸ், ஒண்ணு சொல்லணும்."

"நேத்து பஸ்லேருந்து அதைத்தானே எதிர்பார்த்துக்கிட்டிருக்கேன்."

"உங்க அண்ணனுக்கு ஒரு லெட்டர் போட்டேன். பத்து நாளாச்சு."

அக்னஸ் போர்வையின் ஓரத்தை மடித்தாள்.

"யாரைக் கேட்டுப் போட்டீங்க?"

"உன்னைக் கேட்டா வேண்டாம்பே. அதனால கேட்கலை."

"என்ன எழுதினீங்க?"

"ஆபரேஷன் தேதி, ஆஸ்பத்திரி விலாசம். தாடைக்கு எலும்பு வைக்க வேண்டியிருக்குன்னு. வேற ஒண்ணும் எழுதலை. கெஞ்சலை."

"பதில் வந்துதா?"

"வரலை."

"வராது" என்றாள் அக்னஸ். "அவங்களுக்கு நான் இருந்தா என்ன, இல்லாட்டி என்ன. ஒன்பது வருஷமாத் தெரிஞ்ச விஷயம்தானே."

ஸ்ட்ரெச்சர் வந்துவிட்டது. நர்ஸ் பாக்கியமேரி அவள் கழுத்துச் சங்கிலியைக் கழற்றி நல்லதம்பியிடம் கொடுத்தாள். வராந்தாவில் தள்ளிக்கொண்டு போகும்போதுதான் அக்னஸுக்கு உறைத்தது, ஆறு வாரம் வாய் கட்டுவதற்கு முன் கடைசியாகப் பேசிய பேச்சு அதுவாகப் போய்விட்டதே என்று. லூர்துவைப் பற்றி ஏதாவது நல்லதாகச் சொல்லியிருக்கலாம். அவனிடமாவது ஒரு நல்ல வார்த்தை. திரும்பிப் பார்ப்பதற்குள் தியேட்டர் கதவு மூடிக்கொண்டது.

*

டாக்டர் சொன்னது சரியாக இருந்தது. முதலில் இடுப்புதான் வலித்தது.

அதன் பிறகு தொண்டை. குழாய் போட்டு எடுத்த எரிச்சல். அதற்கப்புறம்தான் அக்னஸ் நாக்கை அசைத்துப் பார்த்தாள். நாக்கு பற்களில் முட்டி நின்றது. வாயைத் திறக்கப் பார்த்தாள். திறக்கவில்லை. இது தெரிந்ததுதான், பத்துத் தடவை சொல்லிக் கேட்டதுதான். ஆனாலும் நெஞ்சு திக்கென்று அடைத்துக்கொண்டது.

"டீச்சர், மூக்கால மூச்சு விடுங்க. மெதுவா. இன்னொரு தடவை." பாக்கியமேரியின் கை அவள் நெற்றியில் இருந்தது. "தலைமாட்டுல பாருங்க. கம்பி வெட்டற கட்டரைக் கட்டித் தொங்க விட்டிருக்கேன். வாந்தி வந்தாலும் சரி, மூச்சு முட்டினாலும் சரி, ஒரு நொடியில வெட்டி விட்டுடுவோம். அதுக்குத்தான் இருக்கு. அவசியமே வராது."

அக்னஸ் கட்டரைப் பார்த்தாள். கறுப்புப் பிடி போட்ட சாதாரணக் கட்டர். அதைப் பார்த்ததும் மூச்சு சீரானது.

நல்லதம்பி வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். நாற்பது பக்க நோட்டு ஒன்றையும் பென்சிலையும் அவள் கையில் வைத்தான்.

'மணி?' என்று எழுதினாள். எழுத்து கோணிக்கொண்டு போனது.

"மூணு. எல்லாம் நல்லபடியா முடிஞ்சுதுன்னாரு. பள்ளம் முழுக்க நிறையற அளவுக்கு எலும்பு கிடைச்சுதாம்."

'லூர்து?'

"மாரியாயி அக்கா வீட்டுல சோறு தின்னுட்டுத் தூங்குதாம். இங்க கீழே ஆபீஸுக்கு போன் பண்ணிச் சொன்னாங்க." அவன் ஸ்டூலைக் கட்டிலுக்கு இன்னும் கிட்டே இழுத்தான். "உங்க அண்ணன் வந்திருக்காரு."

பென்சில் அப்படியே நின்றது.

"நீ உள்ளே போய் ஒரு மணி நேரம் இருக்கும். மணப்பாறையில பஸ் பிரேக் டவுன் ஆயிடுச்சாம், இல்லாட்டி முன்னாலேயே வந்திருப்பாரு. நேரா பாக்கியமேரி சிஸ்டர்கிட்டப் போய், நான் மருங்காபுரி சவரிராயன், என் தங்கச்சிக்கு எலும்பு கொடுக்க வந்திருக்கேன், எங்க படுக்கணும்னு கேட்டிருக்காரு."

அக்னஸ் அவனையே பார்த்தாள்.

"நேத்து ராத்திரியிலேருந்து பச்சைத் தண்ணி குடிக்கலை. ஆபரேஷன்னா வெறும் வயித்துல இருக்கணும்னு யாரோ சொல்லியிருக்காங்க. என் லெட்டர்ல எலும்பு வைக்கணும்னு மட்டும்தானே எழுதினேன். யாரோட எலும்புன்னு எழுதலை."

நடுவில் ஒரு நிமிஷம் வெளியே வந்த டாக்டர் கலீல், சவரிராயனை உட்கார வைத்து விளக்கினாராம். அவரவர் எலும்பு அவரவருக்கு வைத்தால்தான் நன்றாகப் பிடிக்கும், கூடப் பிறந்தவர் எலும்பானாலும் உடம்பு அதை வேற்று ஆளாகத்தான் பார்க்கும் என்று. சவரிராயன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, 'அப்ப அவளுக்கு ரெண்டு இடத்துல வெட்டுக்காயமா?' என்று மட்டும் கேட்டாராம்.

"நீ வெளிய வர்ற வரைக்கும் சாப்பிட மாட்டேன்னுட்டாரு. அப்புறம் எதிர் மெஸ்ஸுக்குக் கூட்டிட்டுப் போனேன். பக்கத்துப் பக்கத்து இலை. ஒரு வார்த்தை பேசலை. மோர் ஊத்த வந்தப்ப மட்டும், முதல்ல அவருக்கு ஊத்துங்கன்னு என்னைக் காட்டினாரு."

அக்னஸுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்க முடியவில்லை. கண்ணில் தண்ணீர்தான் வந்தது. அதைத் துடைக்கக் கூட நல்லதம்பிதான் கை நீட்ட வேண்டியிருந்தது.

'வரச் சொல்லுங்க' என்று எழுதினாள்.

*

சவரிராயன் வாசலிலேயே செருப்பைக் கழற்றினான். ஆஸ்பத்திரியில் அதெல்லாம் வேண்டாம் என்று சொல்ல ஆள் இல்லை.

தலை பாதி நரைத்திருந்தது. அக்னஸைவிட ஒன்பது வயது மூத்தவன். அம்மா இறந்தபோது அவளுக்கு நாலு வயது, அவனுக்குப் பதின்மூன்று. தலை பின்னி விட்டதும், மூன்று மைல் தோளில் தூக்கிப் போய்ப் பள்ளிக்கூடத்தில் விட்டதும் அவன்தான். இப்போது கட்டிலுக்கு இரண்டடி தள்ளி நின்றுகொண்டு, தோள் துண்டை எடுத்துக் கையில் சுருட்டிக்கொண்டிருந்தான்.

"பாப்பா" என்றான்.

வீட்டில் அவளுக்கு அதுதான் பெயர். ஒன்பது வருஷமாக யாரும் அப்படிக் கூப்பிடவில்லை.

"நீ பேசக் கூடாதுன்னாங்க. ஒரு விதத்துல நல்லதாப் போச்சு. நீ பேசினா நான் சொல்ல வந்ததைச் சொல்லாமலே திரும்பிப் போயிடுவேன்."

நல்லதம்பி வெளியே போகப் பார்த்தான். "நீங்களும் இருங்க" என்றான் சவரிராயன், அவன் பக்கம் திரும்பாமலே. நல்லதம்பி கதவருகே நின்றான்.

"வருஷா வருஷம் நீ லெட்டர் போட்டே. எல்லாம் வந்துச்சு."

அக்னஸ் நோட்டை எடுத்தாள். 'படிச்சியா?'

"நான் படிச்சேன்." துண்டு இன்னும் இறுகச் சுருண்டது. "அப்பாவுக்குப் படிச்சுக் காட்டலை. லெட்டர் வந்ததாவே சொல்லலை. அவருக்கு எழுத்து தெரியாது. எது வந்தாலும் நான் படிச்சாத்தான் அவருக்குத் தெரியும். உனக்குத்தான் தெரியுமே."

அவன் சுருட்டிய துண்டைப் பிரித்தான்.

"முதல் ரெண்டு வருஷம் டிசம்பர் மாசம் அப்பாவே போஸ்டாபீஸ் வரைக்கும் நடந்து போய்க் கேட்டுட்டு வருவாரு. எது வந்தாலும் உங்க மகன்கிட்டத்தான் கொடுக்கறேன், வீட்டுல கேளுங்கன்னு போஸ்ட்மேன் சொல்வாரு. வீட்டுக்கு வந்தா நான் ஒண்ணுமில்லைம்பேன். அதுக்கப்புறம் அவரு கேட்கிறதை விட்டுட்டாரு. அவளுக்கு நாம வேணாம்டா சவரின்னு ஒரு தடவை சொன்னாரு. அப்பவும் நான் வாயைத் திறக்கலை."

அக்னஸ் எழுதினாள். 'ஏன்' என்று இரண்டே எழுத்து. பென்சிலை அழுத்திய அழுத்தத்தில் காகிதம் கிழிந்தது.

சவரிராயன் கிழிந்த இடத்தைப் பார்த்தான்.

"உன் கல்யாணம் எனக்கு எப்படித் தெரிஞ்சுது தெரியுமா? சந்தையில. ஆட்டுத் தரகு பிச்சமுத்து இருக்கான்ல, அவன் சொன்னான். என்னப்பா, தங்கச்சி கல்யாணத்துக்கு எங்களுக்கெல்லாம் சாப்பாடு கிடையாதான்னு பத்து பேரு முன்னால சிரிச்சான். நீ அப்பாவுக்குப் பயந்து சொல்லலை, சரி. எங்கிட்ட ஏன் பாப்பா சொல்லலை? நான் உனக்கு அப்பா மாதிரியா? நான் வேண்டாம்னு சொல்லியிருப்பேன்தான். சண்டை போட்டிருப்பேன்தான். ஆனா எங்கிட்டச் சொல்லியிருக்கணும்ல. நீ எங்கிட்ட மறைச்சே. நானும் மறைச்சேன். முதல் லெட்டரை மறைச்சது கோவத்துல. அடுத்தது, முதலாவதைக் காட்டலையே, இதை எப்படிக் காட்டறதுன்னு. அப்புறம் அது அப்படியே போயிடுச்சு."

அக்னஸுக்கு அந்த வருஷத்து ஈஸ்டர் விடுமுறை ஞாபகம் வந்தது. சொல்லிவிட வேண்டும் என்றுதான் ஊருக்குப் போனாள். இரண்டு நாள் கொல்லையில் அவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அவன் கடலை அவித்துக் கொடுத்தான், கிணறு வெட்டப் போவதைப் பற்றிப் பேசினான், அவளுக்கு டவுனில் நல்ல இடமாக மாப்பிள்ளை பார்க்கப் பங்குச் சாமியாரிடம் சொல்லியிருப்பதாகச் சொன்னான். அவன் சந்தோஷமாக இருந்தான். அவள் வாயில் வார்த்தை வரவில்லை. திருச்சிக்குத் திரும்பிவிட்டாள். வாயைக் கம்பி போட்டுக் கட்டியா வைத்திருந்தது அன்றைக்கு?

'சொல்லத்தான் ஈஸ்டருக்கு வந்தேன்' என்று எழுதினாள். 'முடியல.'

அவன் குனிந்து எழுத்துக் கூட்டிப் படித்தான்.

"கடலை அவிச்சுக் கொடுத்தேனே, அப்பவா?"

அவள் இமைகளை மூடித் திறந்தாள்.

"நானும் நினைச்சேன். இது என்னமோ மாதிரி இருக்கேன்னு. கேட்காம விட்டுட்டேன்."

அவன் ஸ்டூலில் உட்கார்ந்தான். அடுத்ததை உட்கார்ந்துகொண்டுதான் சொல்ல முடிந்தது.

"போன வாரம் இவரு லெட்டர் வந்துச்சு. ஆபரேஷன், எலும்பு வைக்கணும்னு படிச்சதும் எனக்கு ஒரே நினைப்புதான். உனக்கு ஏதாவது ஒண்ணு ஆகி, அப்பாவுக்கு ஒண்ணுமே தெரியாமப் போயிட்டா, நான் எந்தச் சாமியார்கிட்டப் போய்ப் பாவசங்கீர்த்தனம் பண்றது? ஒன்பது லெட்டரையும் எடுத்துட்டுப் போய் அவரு முன்னால வைச்சேன். படிடான்னாரு. வரிசையாப் படிச்சேன். மூணாவது லெட்டர்ல உனக்குப் பொண்ணு பொறந்ததையும், அம்மா பேரையே லூர்துன்னு வைச்சிருக்கிறதையும் எழுதியிருந்தே. அங்க நிறுத்தச் சொன்னாரு. எழுந்து போய்த் தொட்டித் தண்ணியில முகத்தைக் கழுவிட்டு வந்தாரு. மிச்சத்தையும் படின்னாரு."

கதவருகே நின்றிருந்த நல்லதம்பி தரையைப் பார்த்தான்.

"என்னை ஒரு வார்த்தை திட்டலை. திட்டியிருந்தாத் தேவலாம் போல இருந்துச்சு."

அக்னஸுக்கு முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. திருப்ப முடியவில்லை. இடது கன்னத்தில் ஆபரேஷன், வலது இடுப்பில் ஆபரேஷன். எந்தப் பக்கமும் புரள முடியாது. மல்லாந்து கிடந்தபடியே கண்ணை மூடிக்கொண்டாள்.

வாய் திறந்திருந்தால் என்னவெல்லாம் சொல்லியிருப்பாள். பிரசவத்துக்கு யாரும் வராமல் மாரியாயி அக்கா துணைக்கு இருந்ததைச் சொல்லியிருப்பாள். அப்பா எழுத்துத் தெரியாதவர் என்பதால் ஒவ்வொரு கடிதத்தையும் சின்னச் சின்ன வாக்கியமாக, காதால் கேட்டால் புரிகிற மாதிரி, இரண்டு தடவை எழுதிப் பார்த்து அனுப்பியதைச் சொல்லியிருப்பாள். பதில் இல்லாத ஒவ்வொரு ஜனவரியையும் சொல்லியிருப்பாள். கத்தியிருப்பாள். அவனும் கத்தியிருப்பான். அவன் எழுந்து போயிருப்பான்.

இப்போது அவன் போகவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

பாக்கியமேரி ட்ரேயோடு உள்ளே வந்தாள். ஐஸ் கட்டிகளைத் துணியில் சுற்றி இடது கன்னத்தில் வைத்தாள். ஊசி இல்லாத சிரிஞ்சில் சின்ன ரப்பர் குழாயை மாட்டி, வலது பக்கம் கன்னத்துக்கும் பல்லுக்கும் நடுவே நுழைத்து, குளுக்கோஸ் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டாள்.

"அவசரப்படாம முழுங்குங்க டீச்சர். உதட்டுல வழியறது தெரியாது, மரத்திருக்கும். நான் துடைச்சு விடறேன்."

ஒரு வாய் உள்ளே போனது. அடுத்தது பாதி வழிந்தது. மூன்றாவது சரியாகப் போனது. சவரிராயனால் அதைப் பார்க்க முடியவில்லை. எழுந்து ஜன்னல் பக்கம் போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே பார்த்தான்.

"இப்படியேவா ஆறு வாரம்?" என்று கேட்டான், திரும்பாமல்.

"பழகிடும்ங்க" என்றாள் பாக்கியமேரி. "வீட்டுக்குப் போனதும் கஞ்சியை நல்லா வடிகட்டிக் கொடுக்கணும். ரெண்டு மணிக்கு ஒரு தடவையாவது கொடுக்கணும். இல்லாட்டி இளைச்சுப் போயிடுவாங்க. பக்கத்துல ஒரு ஆள் இருந்தா நல்லது."

அவள் ட்ரேயை எடுத்துக்கொண்டு போன பிறகும் சவரிராயன் ஜன்னலை விட்டு நகரவில்லை.

"இன்னும் ஒண்ணு இருக்கு பாப்பா" என்றான். "அப்பா கீழே இருக்காரு."

அக்னஸ் கண்ணைத் திறந்தாள்.

"காலையில என் கூடத்தான் வந்தாரு. கேட்டு வரைக்கும் வந்துட்டு, வேப்பமரத்தடி பெஞ்சுல உக்காந்துட்டாரு. மேலே வாங்கன்னா வர மாட்டேங்கறாரு. மத்தியானம் பொட்டலம் வாங்கிக் கொடுத்தேன், அங்கேயே சாப்பிட்டாரு. அவ என்னைக் கூப்பிட்டா வரேன், கூப்பிடலைன்னா அவ எப்படி இருக்கான்னு நீ பாத்துட்டு வந்து சொல்லு, அது போதும்னுட்டாரு."

நல்லதம்பி கதவருகிலிருந்து ஓரடி முன்னே வந்தான்.

"வெள்ளைத் துண்டு போட்டுக்கிட்டு, கையில ஒரு மஞ்சப்பை வைச்சுக்கிட்டு ஒரு பெரியவர் உக்காந்திருந்தாரே, அவரா?"

"அவருதான்."

"காலையில நான் டீ வாங்கிட்டு வரும்போது, யாரைப் பார்க்கணும் பெரியவரேன்னு கேட்டேன். யாரையும் இல்லை தம்பின்னாரு. ஒரு டீ குடிக்கிறீங்களான்னு கேட்டேன். வேணாம்னுட்டாரு." நல்லதம்பி நெற்றியைத் தேய்த்துக்கொண்டான். "அவருக்கு நான் யாருன்னு தெரியாது."

"தெரியும்" என்றான் சவரிராயன். "நீங்க உள்ளே போன பிறகு, அவன்தானான்னு எங்கிட்டக் கேட்டாரு. ஆமான்னேன்."

அக்னஸ் எழுந்திருக்கப் பார்த்தாள். இடுப்பில் சுரீரென்று ஒரு வலி பிடித்து அவளைத் தலையணையில் தள்ளியது. இரண்டு பேரும் ஒரே சமயத்தில் ஓடி வந்தார்கள். ஒருவன் தோளைப் பிடித்தான், இன்னொருவன் தலையணையைச் சரிசெய்தான். இரண்டு பேரின் கைகளும் இடித்துக்கொண்டன. இருவருமே கையை எடுக்கவில்லை.

ஜன்னலுக்குப் போக முடியாது. போனாலும் கூப்பிட முடியாது. அப்பா கூப்பிடச் சொல்லிவிட்டுக் கீழே உட்கார்ந்திருக்கிறார், அவளுக்கு வாய் கட்டியிருக்கிறது. அக்னஸ் நோட்டைத் தேடினாள். போர்வை மடிப்பில் இருந்தது. புதுப் பக்கத்தைத் திருப்பி, வகுப்பில் கரும்பலகையில் எழுதுவது போல நிதானமாக, ஒவ்வொரு எழுத்தும் தெளிவாக எழுதினாள்.

'அப்பா, மேலே வாங்க. பாப்பா.'

பக்கத்தைக் கிழித்தாள்.

சவரிராயன் கையை நீட்டினான். இது அவன் வேலை. இன்னாசிமுத்துவுக்கு வருகிற காகிதத்தை அவன்தான் எப்போதும் வாங்கிக்கொண்டு போய்ப் படித்துக் காட்ட வேண்டும். யோசிக்காமலே நீட்டிவிட்டான்.

அக்னஸ் காகிதத்தைக் கொடுக்கவில்லை. மார்போடு வைத்துக்கொண்டு அண்ணன் முகத்தைப் பார்த்தாள். கோபமாகப் பார்க்கவில்லை. ஆனால் பார்வையை எடுக்கவும் இல்லை. அப்படியே கையை மறுபக்கம் நீட்டி, காகிதத்தை நல்லதம்பியிடம் கொடுத்தாள்.

சவரிராயனின் கை கொஞ்ச நேரம் வெறுமனே நின்றது. பிறகு அவன் ஸ்டூலில் உட்கார்ந்து அதைத் தன் முழங்காலில் வைத்துக்கொண்டான்.

"சரிதான்" என்றான் மெதுவாக.

நல்லதம்பி காகிதத்தைப் படித்தான். மடிக்கவில்லை. சட்டைக் காலரைச் சரி பண்ணிக்கொண்டான். கலைந்திருந்த தலைமுடியை விரலால் ஒதுக்கினான். ஒன்பது வருஷமாக அவன் அந்த வீட்டு மாப்பிள்ளை. அந்த வீட்டுப் பெரியவருக்கு முன்னால் மாப்பிள்ளையாகப் போய் நிற்பது இதுதான் முதல் தடவை.

"நான் படிச்சுக் காட்டறேன்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

படிகளில் அவன் இறங்கும் சத்தம் கேட்டது. அறையில் அண்ணனும் தங்கையும் தனியாக இருந்தார்கள். சவரிராயன் நழுவிக் கிடந்த ஐஸ் துணியை எடுத்து, அவள் கன்னத்தில் பட்டும் படாமலும் வைத்துப் பிடித்தான். அவள் வேண்டாம் என்று தள்ளவில்லை. அவன் பக்கம் பார்க்கவும் இல்லை. இருவரும் ஜன்னலையே கவனித்துக்கொண்டிருந்தார்கள்.

ரோட்டில் ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. அது ஓய்ந்ததும், வேப்பமரத்தடியிலிருந்து நல்லதம்பியின் குரல் மேலே வந்தது.

"மாமா."

அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை.